கார்க்கை விட்டுவிட்டு அயர்லாந்தைச் சுற்றாதீர்கள்! | டப்ளின் – கார்க் – கால்வே வார இறுதி

வணக்கம் மக்களே! நேற்று ராத்திரிதான் டப்ளின் வந்து சேர்ந்தோம். தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது. இருந்தாலும் இதை இன்றைக்கே பேசிவிட வேண்டும், ஆறவிட எனக்கு மனமில்லை.

போன வீடியோவில் அயர்லாந்தின் தெற்கே இருக்கும் கார்க் நகரத்துக்குப் போகிறோம் என்று சொன்னேன். அவ்வளவுதான். "கார்க்கா? அங்கே ஒன்றும் இல்லை, கால்வே மட்டும் போதும்" என்று எத்தனை பேர் எழுதியிருந்தீர்கள்! எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது. இப்போது பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், கார்க்கில் ஒன்றும் இல்லை என்று சொல்பவர்கள் கார்க்கைப் பார்க்கவில்லை. இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் எல்லாரும் மேற்குக் கரையில் இருக்கும் கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் கடற்பாறைகள், கால்வே, நான்கு படம், முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். கணினி படிக்க வந்தவர்கள் அப்படித் திரும்புவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

யார் யார் போனோம் என்றால், வழக்கமான கூட்டம்தான். நம் மதுரைக்காரி, யாழ்ப்பாணத் தோழி, கொச்சிக்காரி, நான். சனிக்கிழமை கடை வேலையை ஒரு பெண்ணிடம் மாற்றிக்கொண்டேன். வகுப்பு நடக்கும் மாதங்களில் நமக்கு வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி, அதிலும் சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை டப்ளின் ஹூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். சலுகைக் கட்டணத்துக்கான மாணவர் லீப் கார்டு இருக்கிறதா, ஆன்லைனில் முன்பதிவு செய்தீர்களா, இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்தால் இருக்கைக்கு மேலே சின்னத் திரையில் உங்கள் பெயர் வரும். என் பெயரைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், வீடியோவில் பார்த்திருப்பீர்கள், அதையே நான்கு கோணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். ஊர் வருவதற்குச் சற்று முன்னால் நீளமான ஒரு சுரங்கம், அதைத் தாண்டினால் வளைந்த நடைமேடை, அதுதான் கென்ட் ஸ்டேஷன். உள்ளே பழைய நீராவி எஞ்சின் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பார்க்காமல் வெளியே ஓடாதீர்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஹூஸ்டன், கென்ட், லிமரிக்கில் கோல்பர்ட், கால்வேயில் கியான்ட். நாங்கள் கால் வைத்த நான்கு ஸ்டேஷனும், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியை அடக்கியபோது மரண தண்டனை கொடுக்கப்பட்டவர்களின் பெயர்கள். 1966-ல், ஐம்பதாம் ஆண்டில், ஸ்டேஷன்களுக்கு வைத்தார்கள். ஷான் ஹூஸ்டன் ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்தவர். இத்தனை மாதமாக அந்த ஸ்டேஷன் வழியாகப் போய் வருகிறேன், இந்தப் பயணத்துக்காகப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். இப்போது அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தால் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

சரி, கார்க்கில் தங்கிய ஹாஸ்டல். பெயர் சொல்ல மாட்டேன். பத்துப் பேர் படுக்கும் அறை, வார நாளில் ஒரு விலை, வெள்ளி சனி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. அதைக்கூட விட்டுவிடலாம், எல்லா இடத்திலும் அப்படித்தான். துண்டுக்குத் தனியாக 3 யூரோ கேட்டார்கள்! ஒரு துண்டுக்கு! வாங்கிக்கொள்ள அல்ல, வாடகைக்கு! எனக்கு உடனே ரூபாய்க் கணக்கு ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். 300 ரூபாய்க்கு மேல் ஆகிறது மக்களே. நான்கு பேருக்கு 12 யூரோ. குளித்துவிட்டுத் துவட்டுவதற்கு! அந்தக் கவுண்டரில் நின்றுகொண்டு என் பையைத் திறந்தேன். அம்மா கொடுத்து அனுப்பிய ஈரிழைத் துண்டு, மடித்தால் கைக்குட்டை மாதிரி இருக்கும், நான்கு எடுத்து வந்திருந்தேன். நான்கு! கிளம்பும் முன் மூவரும் "எதற்கு இத்தனை" என்று கேட்டார்கள். இப்போது கேளுங்கள் பார்ப்போம். கட்டில் கம்பியில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும், இங்கே இருக்கும் தடித்த டவல் அடுத்த நாளும் ஈரமாகவே இருக்கும். ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சொல்கிறேன், குக்கர் வேண்டுமானால் இங்கே வாங்கிக்கொள்ளலாம், ஈரிழைத் துண்டை மட்டும் கொண்டுவந்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக இங்கிலிஷ் மார்க்கெட். 1788-லிருந்து நடக்கும் சந்தை, கூரை போட்ட பழைய கட்டடம். இறைச்சி, பாலாடைக்கட்டி, ரொட்டி, மீன் என்று வரிசையாகக் கடைகள். 2011-ல் எலிசபெத் ராணி வந்து ஒரு மீன் கடைக்காரருடன் சிரித்துப் பேசிய படம் உலகம் முழுக்கப் போனதே, அது இந்தச் சந்தைதான். டிரிஷீன் என்று ஒரு பழைய கார்க் பண்டம், ரத்தத்தில் செய்வது. கொச்சிக்காரி தள்ளி நின்றாள். மதுரைக்காரி ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவள், நேராகப் போய் எப்படிச் சமைப்பது என்று கேட்டு வாங்கிவிட்டாள். மிளகாயே இல்லாத சமையல், ஆனாலும் எனக்குப் பிடித்தது.

முக்கியம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. கால்வேயில் தேவாலயத்தை ஒட்டிய தெருச் சந்தை சனி, ஞாயிறு இரண்டு நாளும் உண்டு. அதனால்தான் சனிக்கிழமை கார்க், ஞாயிற்றுக்கிழமை கால்வே என்று திட்டம் போட்டேன். நிறையப் பேர் தலைகீழாகப் போய்விட்டு, சந்தை மூடியிருந்தது, கார்க் போர் என்கிறார்கள்.

இப்போது முதலில் சொன்ன விஷயம். கார்க் பல்கலைக்கழகம். யுசிசி. கணினி படிக்கும் எல்லாரும் கேளுங்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு இஃப், ஒவ்வொரு ஆண்ட், ஆர், நாட், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சரி, தவறு என்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் பூலியன் தர்க்கம். அதை உருவாக்கிய ஜார்ஜ் பூல் இந்தக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர்! 1849-ல் வந்தார். இங்கிலாந்தில் லிங்கனில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர், பட்டம் எதுவும் இல்லை, தானே படித்துக் கற்றவர். அவரைப் பேராசிரியராக வைத்தது இந்த ஊர். 1854-ல் சிந்தனையின் விதிகள் பற்றிய அந்தப் பெரிய புத்தகம் வெளிவந்தபோது அவர் இங்கேதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அப்புறம் 1937-ல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் இந்தத் தர்க்கத்தை மின்சுற்றுகளில் பொருத்திக் காட்டினார், அங்கிருந்து நம் கணினி வரை நேர்க்கோடு. முதல் செமஸ்டரில் ட்ரூத் டேபிள் போட்டுப் போட்டுக் கை வலித்தது என்று ஒரு வீடியோவில் சொன்னேனே, அந்த டேபிளின் ஊற்று இந்தக் கல் கட்டடத்தில் இருக்கிறது! நூலகத்துக்கே பூல் நூலகம் என்று பெயர். நான் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று கத்தியதை யாழ்ப்பாணத் தோழி எடுத்திருக்கிறாள், கடைசியில் போடுகிறேன்.

அவர் இறந்த விதமும் மனதைப் பிசைகிறது. 1864 குளிர்காலம், வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சுமார் மூன்று மைல், கொட்டும் மழையில் நடந்து வந்தார். நனைந்த உடையோடே வகுப்பு எடுத்தார். நிமோனியா. டிசம்பர் 8-ல் போய்விட்டார், வயது 49. இந்த ஊர் மழையில் நானும் நனைந்துதான் வகுப்புக்குப் போகிறேன், எனக்கு ஹீட்டர் இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. பூலின் மனைவி மேரி எவரெஸ்ட். பெயரைக் கவனித்தீர்களா? எவரெஸ்ட் சிகரத்துக்கு யார் பெயரை வைத்தார்களோ அந்த ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழியில் மகள் முறை. இந்த எவரெஸ்ட் நடத்திய இந்திய நில அளவை எங்கே தொடங்கியது? நம் சென்னை, பரங்கிமலை! 1802-ல் வில்லியம் லாம்டன் தொடங்கினார், அவருக்குப் பிறகு எவரெஸ்ட் பொறுப்பேற்றார். நான் நங்கநல்லூர்ப் பெண், மொட்டை மாடியில் ஏறினால் பரங்கிமலை தெரியும். அங்கிருந்து புறப்பட்ட ஒரு கதை கார்க்கில் வந்து என் பாடப்புத்தகத்தோடு சேர்ந்துகொண்டது என்றால் எனக்கு எப்படி இருக்கும்! அப்பாவுக்கு அங்கிருந்தே போன் செய்து சொன்னேன். மேரியும் கணிதம் கற்பிப்பது பற்றி நிறைய எழுதியவர், அவர்கள் மகள் அலிசியா நான்கு பரிமாண வடிவங்களை ஆராய்ந்தவர்.

அந்தக் கட்டடத்தின் நடைக்கூடத்தில் ஓகம் கற்கள் வரிசையாக நிற்கின்றன. பழைய ஐரிஷ் எழுத்து, கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டியது, கீழிருந்து மேலே படிக்க வேண்டும். நடுகல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கிருந்து நகரவே தோன்றாது. முற்றத்தின் குறுக்கே நடந்தால் தேர்வில் தோற்றுப்போவோம் என்று அங்கே மாணவர்களிடம் ஒரு நம்பிக்கை. நாங்கள் வேறு கல்லூரி, இருந்தாலும் சுற்றித்தான் போனோம். ஜனவரியில் பரீட்சை இருக்கிறது மக்களே.

அடுத்தது ஷாண்டன் மணிகள். என் வாழ்க்கையில் மறக்க மாட்டேன். செயின்ட் ஆன் தேவாலயம், 1722-ல் கட்டியது, கோபுரத்தின் இரண்டு பக்கம் சிவப்புக் கல், இரண்டு பக்கம் வெள்ளைக் கல். நான்கு பக்கமும் கடிகாரம், நான்கும் ஒரே நேரம் காட்டாது என்பதால் நான்கு முகப் பொய்யர் என்று பெயர். உச்சியில் சால்மன் மீன் காற்றுக்காட்டி. மேலே போக 132 படி. பாதி வழியில் எண் போட்ட கயிறுகள் இருக்கின்றன, சீட்டு வாங்கியவர்கள் இழுத்து மணி அடிக்கலாம்! நிஜமான மணி, ஊருக்கே கேட்கும். எண் எழுதிய அட்டைகள் இருக்கும், பார்த்து அடித்தால் ஐரிஷ் பாட்டு வரும்.

நான் அட்டையை எடுக்கவில்லை. மணிகள் எத்தனை? எட்டு! எட்டு மணி என்றால் என்ன? ஸ ரி க ம ப த நி ஸ்! ஒவ்வொரு கயிறாக மெல்ல இழுத்துச் சுரம் பார்த்தேன். சுத்தமான சங்கராபரண ராகம்! நங்கநல்லூரில் என் பாட்டு டீச்சர், கர்நாடக இசையில் முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் ஆரம்பித்தார், எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் அதற்கு வேண்டிய சின்ன ரி, சின்ன த இந்த மணிகளில் இல்லை. அதனால் சங்கராபரணத்திலேயே ஆரோகணம், அவரோகணம், அப்புறம் இரண்டாவது வரிசை, ஸரிஸரி ஸரிகம, ஸரிகம பதநிஸ். கார்க் வானத்தில் சரளி வரிசை! 1750-ல் வார்த்த மணிகளில்! இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், முயன்றபோது கயிறு அவ்வளவு வேகத்துக்கு ஒத்துழைக்கவில்லை, முதல் காலம்தான் சரி. கீழே இறங்கியபோது ஒரு பாட்டி, "இன்றைக்கு அடித்தது என்ன பாட்டு?" என்று கேட்டார். நான் எங்கள் ஊர்க் குழந்தைகள் முதலில் கற்கும் பாடம் என்றேன். அழகாக இருந்தது என்றார். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு முறை டிக்கெட் எடுத்துப் போவேன்.

ஆ, மீன் சொல்ல மறந்துவிட்டேன். ஷாண்டனிலிருந்து திரும்பும்போது சந்தை மூடுவதற்குள் ஓடிப்போய் கானாங்கெளுத்தி வாங்கினோம். துண்டில் மிச்சமான காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் சமையலறையில் மதுரைக்காரியின் மிளகாய்த்தூள், எலுமிச்சை, உப்பு. பக்கத்து அடுப்பில் பாஸ்தா கிளறிக்கொண்டிருந்த இரண்டு பிரேசில் பையன்கள் தட்டோடு வந்துவிட்டார்கள்.

ஞாயிறு அதிகாலை பேருந்து, லிமரிக் வழியாகக் கால்வேக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல். லிமரிக்கில் ஸ்டேஷனை மட்டும்தான் பார்த்தோம், அதனால் அந்த ஊரைப் பற்றிப் பேச மாட்டேன்.

கால்வே அழகுதான், மறுக்கவில்லை. கோரிப் ஆறு அப்படி ஒரு வேகத்தில் கடலுக்கு ஓடுகிறது. அதன் கரையில் 1584-ல் கட்டிய ஸ்பானிஷ் ஆர்ச். ஷாப் ஸ்ட்ரீட்டில் பத்தடிக்கு ஒருவர் வாசிக்கிறார், பாடுகிறார். ஆனால் கடைக்குக் கடை கிளாடா மோதிரம், இரண்டு கை ஒரு இதயத்தைப் பிடித்திருக்குமே அது, எனக்குச் சலித்துவிட்டது. கொச்சிக்காரி வாங்கினாள், அவள் விருப்பம். எனக்குப் பிடித்தது சால்ட்ஹில் கடற்கரை நடை. கடைசிவரை நடந்துபோய்ச் சுவரைக் காலால் உதைத்துவிட்டுத் திரும்புவது அந்த ஊர் வழக்கம். காற்று ஆளைத் தள்ளியது, ஆனாலும் நால்வரும் உதைத்தோம். கதீட்ரலையும் விடாதீர்கள், பழைய சிறை இருந்த இடத்தில் கட்டி 1965-ல் திறந்தது. அரை நாள் கால்வேக்குப் போதும், முழு நாளைக் கார்க்குக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி.

பெல்ஃபாஸ்ட் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அது வட அயர்லாந்து, பிரிட்டன் விசா வேண்டும், நம் ஐரிஷ் மாணவர் அனுமதி அங்கே செல்லாது. எல்லையில் யாரும் பார்ப்பதில்லை, போய்விட்டு வா என்று யார் சொன்னாலும் போகாதீர்கள், விசா விஷயத்தில் விளையாட வேண்டாம்.

அடுத்தது வாட்டர்ஃபோர்ட். அங்கே பிளா என்று மாவு தூவிய மென்மையான ஒரு ரொட்டி இருக்கிறதாம், காலையிலேயே தீர்ந்துவிடும் என்கிறார்கள். எந்தக் கடை, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். துண்டு நான்கும் துவைத்துக் காயப்போட்டாயிற்று.