முந்தின நாளே முக்கால்வாசி முடியும் மொரோக்கோ விருந்து

நேயர்களுக்கு வணக்கம். 6 பேருக்கு மொரோக்கோ பாணியில் இரவு விருந்து வைப்பது பெரிய வேலை போலத் தோன்றும். உண்மையில் அந்தச் சமையலில் பெரும்பகுதி முந்தின நாளே முடித்து வைக்க ஏற்றது. ஆனால் சிலவற்றை அன்றைக்குத்தான் செய்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிறகு கோழியில் சேர்க்கப்போகும் உப்பில் ஊறிய எலுமிச்சை. இதை 4 வாரம் முன்பே போட வேண்டும். மெல்லிய தோல் பழமாக 8 எடுத்து, அடி பிரியாமல் நாலாகக் கீறி, பழத்துக்கு 1 மேசைக்கரண்டி கல்லுப்பு திணித்து, கண்ணாடி ஜாடியில் அமுக்குங்கள். ஓரிரு நாளில் சாறு மேலேறிப் பழத்தை மூட வேண்டும். மூடவில்லையா, இன்னும் சில பழங்களைப் பிழிந்து ஊற்றுங்கள். சாற்றுக்கு வெளியே நிற்கும் துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். சமையலுக்குப் போவது தோல் மட்டும். சதையை வழித்தெடுத்து, தோலைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

விருந்தின் நடுநாயகம் கோழி தஜீன். கூம்பு மூடி போட்ட மண்பாத்திரத்துக்கும், அதில் சிறுதீயில் வேகும் குழம்புக்கும் தஜீன் என்றே பெயர். எலும்போடு தொடைக்கறி 1½ கிலோ. அரை கிலோ வெங்காயத்தைத் துருவுங்கள், நறுக்க வேண்டாம். துருவினால்தான் குழம்பில் கரைந்து கெட்டியாகும். 4 பல் பூண்டு, சுக்குப்பொடி 1 தேக்கரண்டி, மிளகும் மஞ்சளும் அரையரைத் தேக்கரண்டி, வெந்நீரில் ஊறிய குங்குமப்பூ ஒரு சிட்டிகை, 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு கட்டு கொத்தமல்லி. கறியை இதில் பிரட்டி, ஒன்றரைக் கோப்பை தண்ணீர் விட்டு, மூடிச் சிறுதீயில் 50 நிமிடம் வேகவிடுங்கள். உப்பு வழக்கத்தில் பாதிதான். எலுமிச்சையும் ஆலிவ் காயும் பிறகு கொண்டுவரும் உப்பை இப்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

கறி வெந்ததும் தனியே எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் சுண்டவையுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியில் ஒட்டுகிற பதம் வர வேண்டும். பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள்; தஜீன் தண்ணீர்க் குழம்பாகிப் போவதற்கு இதுதான் காரணம். பிறகு கறியைச் சேர்த்து, அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மண் தஜீன் பாத்திரத்திலேயே வைத்து, மறுநாள் சில்லென்று அடுப்பில் ஏற்றினால் அது விரிசல் விட்டுவிடும்.

மறுநாள் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கிளறாமல், சிறுதீயில் கொதி வரும்வரை சூடாக்குங்கள். கிளறினால் கறி எலும்பை விட்டு உதிரும். கடைசி 10 நிமிடத்தில் கீற்றாக நறுக்கிய எலுமிச்சைத் தோலும், கொதிநீரில் ஒருமுறை போட்டெடுத்த ஆலிவ் காய்களும். முந்தின நாளே போட்டால் குழம்பெல்லாம் உப்பும் கசப்பும் ஏறிவிடும்.

கூடவே ஸாலூக் என்ற கத்தரிக்காய் மசியல். 2 பெரிய கத்தரிக்காயைச் சுட்டு மசித்து, 4 தக்காளி, 3 பல் பூண்டு, சீரகத்தூள், காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள், ஆலிவ் எண்ணெயோடு நீர் வற்றும்வரை வதக்குங்கள். ஒருநாள் கழித்துத்தான் இதற்குச் சுவையே கூடுகிறது. ஃபிரிட்ஜ் குளிர் போனபின் பரிமாறுங்கள். கேரட் சாலட்டும் முந்தின நாள் வேலைதான். வெந்த கேரட்டைச் சூடாக இருக்கும்போதே பூண்டு, சீரகம், எலுமிச்சைச் சாற்றில் போட வேண்டும். ஆறிய கேரட் சாற்றை இழுக்காது.

இதோடு கூஸ்கூஸ், அதாவது ரவையில் உருட்டிய சிறு மணிகள், வேண்டுமா என்று கேட்பார்கள். மொரோக்கோவில் அது வெள்ளிக்கிழமை மதியத்தின் தனிச் சாப்பாடு. காய்கறி, கறிச்சாற்றோடு ஆவியில் வேகவைத்துச் செய்வது. தஜீனைப் பெரும்பாலும் ரொட்டியில் தொட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். நான் ரொட்டியைத்தான் சொல்வேன், அதுவும் அன்றைக்குச் சுட்டதாக.

இனிப்புக்கு ஆரஞ்சு. வெள்ளைத் தோல் இல்லாமல் வட்டமாக அரிந்து, பட்டைத்தூளும் சில துளி ஆரஞ்சுப்பூ நீரும் (பன்னீர் போல ஆரஞ்சுப் பூவில் வடித்த வாசனை நீர்) தூவி 2 மணி நேரம் குளிரவையுங்கள். இரவு முழுக்க வைத்தால் சாறெல்லாம் தட்டில் இறங்கிவிடும்.

கடைசியில் புதினாத் தேநீர். முக்கால் லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி, உருண்டையாகச் சுருண்ட பச்சைத் தேயிலை. முதலில் கொஞ்சம் கொதிநீர் விட்டு அலசிக் கொட்டினால் கசப்புப் போகும். பிறகு தண்ணீரும் 4 மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கியபின் ஒரு கைப்பிடி புதினாவை அமுக்கி 3 நிமிடம் மூடிவையுங்கள். புதினாவைக் கொதிக்கவிட்டால் இலை கறுத்து, மணமும் போய்விடும்.