லிங்கனின் தாத்தாவுக்குத் தாத்தா: ஒரு விவசாயக் குடும்பத்தைப் பத்திரங்களில் தேடுவது

நேயர்களுக்கு வணக்கம்.

1859 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கன் தம்மைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதி நண்பருக்கு அனுப்பினார். குடும்பத்தைப் பற்றி அதில் அவருக்குத் திடமாகச் சொல்ல முடிந்தது தாத்தா வரைக்கும்தான். தாத்தா பெயரும் ஆபிரகாம். வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுன்டியிலிருந்து கென்டக்கிக்குப் போனவர். காட்டைத் திருத்திக்கொண்டிருந்த இடத்தில் பூர்வகுடியினர் மறைந்திருந்து தாக்கியதில் இறந்தவர். அவருடைய முன்னோர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்டியிலிருந்து வந்தவர்கள். நியூ இங்கிலாந்துப் பக்கமும் லிங்கன்கள் இருந்தார்கள். அவர்கள் நமக்கு உறவா என்று தேடியதில் மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் என்று பெயர்கள் ஒத்துப்போனதைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்.

எழுதியவர் வழக்கறிஞர். நிலப் பத்திரம் படிக்கத் தெரிந்தவர். அவருக்கே வழி மறைந்துபோயிருந்தது. பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் பழைய விவசாயக் குடும்பம் எதைத் தேடினாலும் அதே ஏடுகள்தான், அதே தொல்லைகள்தான். அதனால் லிங்கன் குடும்பத்தையே கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

பெரும்பாலோர் முதலில் போவது சென்சஸ் ஏட்டுக்கு. 1790 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்திருக்கிறார்கள். அடிமையல்லாத ஒவ்வொருவர் பெயரையும் எழுதியது 1850 முதல்தான். அதற்கு முந்தைய ஆறு கணக்கெடுப்பிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 1820 ஏட்டில் ஆண்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள் என்று ஒரு கட்டம், பக்கத்திலேயே 16 முதல் 26 வயதுக்குள் என்று இன்னொரு கட்டம். 17 வயதுப் பையன் இரண்டிலும் விழுவான். கட்டங்களை அப்படியே கூட்டினால் இல்லாத மகன் ஒருவன் வீட்டுக்குள் வந்துவிடுவான். கட்டத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பிள்ளைகள் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. கூலிக்காரன், மனைவியின் தம்பி, செத்துப்போன அண்ணனின் மகன் யாராகவும் இருக்கலாம். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வியே 1880-இல்தான் வந்தது. 1890 ஏடுகள் 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் கெட்டுப்போய், பெரும்பாலும் இல்லாமலே போயின.

விவசாயக் குடும்பத்துக்கு இன்னொரு ஏடு இருக்கிறது, பலர் அதைத் திறப்பதே இல்லை. 1850 முதல் 1880 வரை எடுத்த வேளாண் அட்டவணை. திருத்திய நிலம் எத்தனை ஏக்கர், திருத்தாதது எத்தனை, கறவை மாடு, உழவு எருது, செம்மறி, பன்றி, கோதுமை எத்தனை புஷல், மக்காச்சோளம் எத்தனை புஷல், வெண்ணெய் எத்தனை பவுண்டு, எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே ஊரில் இருந்தால் இவர் எவர் என்று பிரித்துக் காட்ட இதை விட்டால் ஆள் இல்லை.

பெயர் கிடைத்த கையோடு பார்க்க வேண்டியது கவுன்டி. நம் ஊரில் தாலுகா பிரிவது போலத்தான், குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கும், கவுன்டி மாறிக்கொண்டே போகும். லிங்கனின் கொள்ளுத்தாத்தா ஜான் 1768 வாக்கில் குடியேறிய லின்வில் ஓடைக்கரை அப்போது அகஸ்டா கவுன்டி. 1778-இல் அது ராக்கிங்ஹாம் ஆனது. பத்திரம் பதிவான நாளில் அந்த இடம் எந்தக் கவுன்டியோ அந்தக் கவுன்டியின் நீதிமன்றக் கட்டடத்தில்தான் ஏடு இருக்கும். புதுக் கவுன்டி பிரிந்தாலும் பழைய ஏடு தாய்க் கவுன்டியை விட்டு நகராது. கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மூன்றிலும் நிலப் பத்திரம் கவுன்டியில் இல்லை, ஊர் அலுவலகத்தில் இருக்கும்.

கவுன்டி தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு லிங்கனின் பெற்றோர் திருமணமே சாட்சி. அவர்கள் குடும்பம் நடத்தியது கென்டக்கியின் ஹார்டின் கவுன்டியில். அங்கே தேடினார்கள், ஒன்றும் இல்லை. முறைப்படி கல்யாணமே நடக்கவில்லை என்று எதிரிகள் கதை கட்டினார்கள். ஏடு கிடைத்தது வாஷிங்டன் கவுன்டியில், அதுவும் லிங்கன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. கல்யாணம் அந்தக் காலத்தில் பெண் வீட்டுப் பக்கம் நடப்பது வழக்கம். தேட வேண்டியதும் பெண் வீட்டுக் கவுன்டியில்தான்.

அந்த ஏட்டில் இருப்பவை இரண்டு தனித்தனிக் காகிதங்கள். 1806 ஜூன் 10 தேதியிட்டது பிணைப் பத்திரம். இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை, இருந்தால் 50 பவுண்டு கட்டுகிறோம் என்று மாப்பிள்ளை தாமஸ் லிங்கனும் ரிச்சர்ட் பெர்ரியும் கையெழுத்துப் போட்டது. பெர்ரி தன் பெயரோடு கார்டியன் என்று சேர்த்திருக்கிறார். இரண்டாவது, ஜூன் 12 அன்று மணம் செய்துவைத்தேன் என்று ஜெஸ்ஸி ஹெட் என்ற மதகுரு கொடுத்த அறிக்கை. பிணைப் பத்திரம் மட்டும் கிடைத்தால் கல்யாணம் நடக்கவிருந்தது என்றுதான் அர்த்தம், நடந்தது என்று அர்த்தம் இல்லை. அதன் தேதியைக் கல்யாணத் தேதியாகக் குறித்துக்கொள்வது வம்சாவளி அட்டவணைகளில் அடிக்கடி காணும் பிழை. ஜாமீன் போட்டவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பாவாகவோ அண்ணனாகவோ காப்பாளராகவோ இருப்பார்.

இனி நிலம். என்னைக் கேட்டால் உழவர் குடும்பத்தைத் தேடுபவர் பாதி நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிலம் வாங்கினார், விற்றார், வரி கட்டினார்.

தாத்தா ஆபிரகாம் 1780 மார்ச் 4 அன்று வர்ஜீனியா நில அலுவலகத்தில் 160 பவுண்டு கட்டி 400 ஏக்கருக்கு ஒரு வாரண்ட், அதாவது நில உரிமைச் சீட்டு, வாங்கினார். அதில் அவர் பெயர் லிங்கன் என்று இல்லை, லிங்க்ஹார்ன் என்று இருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கிறதே என்று ஏட்டைத் தள்ளிவிட்டால் குடும்பத்தையே தள்ளிவிட்டதாகிவிடும்.

அந்த நிலத்தை 1785 மே 7 அன்று அளந்தார்கள். லாங் ரன் என்ற ஓடைக்கரையில் ஒரு சர்க்கரை மேப்பிள் மரத்தில் தொடங்குகிறது. கிழக்கே 300 போல் (போல் என்பது ஒரு நீள அளவு) போனால் ஒரு பாப்ளரும் மேப்பிளும். அங்கிருந்து வடக்கே 213 போலும் மூன்றில் ஒரு பங்கும் போனால் ஒரு பீச் மரமும் டாக்வுட்டும். மேற்கே 300 போல் போனால் ஒரு வெள்ளை ஓக்கும் ஹிக்கரியும். தெற்கே மறுபடி 213 போலும் மூன்றில் ஒரு பங்கும் வந்தால் ஆரம்பித்த மரம். நம் ஊர்ப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்வது போலத்தான், எல்லைக்கல் இருக்கும் இடத்தில் மரம்.

ஒரு போல் என்பது பதினாறரை அடி. நான்கு போல் சேர்ந்தால் ஒரு கன்ட்டர் சங்கிலி, 66 அடி, நூறு கண்ணி, அதாவது லிங்க். நம் நில அளவையில் லிங்க் கணக்கு பார்ப்பார்களே, அதே சங்கிலிதான்; ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். 160 சதுரப் போல் ஒரு ஏக்கர். இப்போது கணக்குப் போடுங்கள். 300-ஐ 213 மூன்றில் ஒன்றால் பெருக்கினால் 64,000. அதை 160-ஆல் வகுத்தால் 400 ஏக்கர். வாரண்டும் அளவையும் இம்மி பிசகவில்லை. படியெடுத்தவர் ஒரு வரியை விட்டிருந்தால் இந்தக் கணக்கில் உடனே தெரிந்துவிடும். அதனால் எந்த அளவை கிடைத்தாலும் கோடு போட்ட தாளில் வரைந்து, கடைசிக் கோடு முதல் மரத்தில் வந்து சேர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வரைந்ததை இன்றைய வரைபடத்தின் மேல் வைக்கும்போது சில பாகை திருப்ப வேண்டியிருக்கும். அவர்கள் பார்த்தது காந்த ஊசியின் வடக்கு. அது ஆண்டுக்கு ஆண்டு நகரக்கூடியது.

அளவைத் தாளின் அடியில் செயின்மேன் பெயர்களும் இருக்கும். இந்தத் தாளில் அங்கேயும் லிங்கன்கள்தான். சங்கிலி பிடிக்கச் சொந்தக்காரரையோ பக்கத்துத் தோட்டக்காரரையோதான் கூப்பிடுவார்கள். ஆகவே அந்தப் பெயர்களைத் தனித்தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

இப்படி மரம் பார்த்து அளந்தது முதல் 13 மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய கென்டக்கி, டென்னசி போன்றவற்றிலும். 1785 சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு விற்ற நிலம் வேறு விதம். ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்ஷன். செக்ஷனுக்கு 640 ஏக்கர். எண் பெரும்பாலும் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும், தறியில் நாடா போய் வருவது போல. தாமஸ் லிங்கன் 1817 அக்டோபரில் இந்தியானாவின் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் பதிந்தது 32-ஆம் செக்ஷனின் தென்மேற்குக் கால்பகுதி, 160 ஏக்கர். ஏக்கர் 2 டாலர். முதலில் 16 டாலர் கட்டினார், டிசம்பரில் 64. மீதியைக் கட்ட முடியாமல் பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, 1827-இல் 80 ஏக்கருக்குப் பட்டயம் வாங்கினார். பட்டயத்தின் தேதியைக் குடியேறிய தேதி என்று வைத்தால் பத்தாண்டு பிசகும். குடியேறி உழுபவருக்கு நிலம் தந்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி வாங்கிய நிலமானால் தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்பையே கேளுங்கள். வீடு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதார் என்று சாட்சிகள் சொன்னதும், வெளிநாட்டிலிருந்து வந்தவரானால் குடியுரிமைக் காகிதமும் அதில் இருக்கும்.

கிரயப் பத்திரங்களுக்கு விற்றவர் பெயரில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஓர் அட்டவணை. வாரிசுகள் ஏழு பேர் சேர்ந்து விற்றால் அட்டவணையில் முதல் ஆள் பெயரை எழுதி, மற்றும் பிறர் என்று முடித்துவிடுவார்கள். உங்கள் ஆள் அந்தப் பிறருக்குள் இருப்பார். ஆகவே மருமகன்கள் பெயரிலும் தேடுங்கள். கணவன் விற்கும்போது மனைவி தன் மூன்றிலொரு பங்கு ஆயுள் உரிமையை விட்டுக்கொடுத்தாக வேண்டும். நிர்ப்பந்தம் இல்லைதானே என்று அவளைத் தனியே விசாரித்து எழுதுவார்கள். பெண்ணின் பெயர் வேறெங்கும் கிடைக்காத குடும்பங்களில் இந்த ஒரு வரி மட்டும் மிஞ்சும். தாத்தா ஆபிரகாமின் மனைவி பெயர் பெர்ஷீபா என்பது வர்ஜீனியா நிலத்தை விற்ற ஏடுகளில் இப்படித்தான் நிற்கிறது.

இறப்புக்குப் பிந்தைய ஏடுகளில் ஒரு பெரிய குழி. தாத்தா 1786-இல் உயில் எழுதாமல் கொல்லப்பட்டார். மூத்த மகனுக்கே நிலம் என்ற பழைய சட்டம் வர்ஜீனியாவில் ஒழிந்தது 1787 ஜனவரி 1 முதல். அன்று கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. சில மாத வித்தியாசத்தில் நிலம் முழுவதும் மூத்தவர் மொர்தெகாய்க்குப் போனது. கடைசி மகன் தாமஸுக்கு ஒன்றுமில்லை. நிலப் பங்கில் பெயர் இல்லாததால் தாமஸ் மகனே இல்லை என்று ஆகாது. எந்த ஏட்டைப் படித்தாலும் அந்த ஆண்டுச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அநாதை என்று எழுதியிருந்தால் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பொருள், தாய் உயிரோடு இருந்தாலும். சீனியர், ஜூனியர் என்றால் ஊரில் பெரியவர், சின்னவர், அவ்வளவே. அப்பா மகன் என்று கட்டாயமில்லை.

இறந்தவரின் சாமான் பட்டியலையும் படித்துவிடுங்கள். கோடரி, இறகு மெத்தை, ராட்டை, மாடு, இவற்றோடு அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களையும் விலை போட்டு எழுதியிருப்பார்கள். கறுப்பின விவசாயக் குடும்பங்களைத் தேடுவோருக்கு இது கசப்பான, ஆனால் தவிர்க்க முடியாத ஏடு. 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உடைமையாளர் பெயரின் கீழ் வயதும் பாலினமும் நிறமும்தான், அநேகமாகப் பெயர் இல்லை. 1870-க்கு முன்னால் ஒரு பெயர் கிடைக்க வேண்டுமென்றால் உடைமையாளர் குடும்பத்தின் உயில், சாமான் பட்டியல், கிரயம் வழியாகவே போக வேண்டியிருக்கிறது.

குடும்ப பைபிளில் பிறந்த தேதிகள் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அச்சிட்ட ஆண்டு. 1790 பிறப்பு 1830-இல் அச்சான பைபிளில் இருந்தால் நினைவிலிருந்து எழுதியது. எல்லாத் தேதியும் ஒரே மையில், ஒரே கையில் இருந்தாலும் அப்படியே. 1752-க்கு முந்தைய தேதிகளில் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கும். பிப்ரவரி 1735/36 என்று இரட்டையாக எழுதியதைத் தொடாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, லிங்கனுக்குக் கிடைக்காத இணைப்புக்கு வருவோம். பென்சில்வேனியாவில் 1736-இல் ஒரு மொர்தெகாய் லிங்கன் இறந்தார். அவர் உயிலில் மூத்த மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர். மாசசூசெட்ஸில் சிச்சுவேட் என்ற ஊரில் இன்னொரு மொர்தெகாய் 1727-இல் எழுதிய உயிலில் மொர்தெகாய், ஆபிரகாம் என்று மகன்கள். அவருடைய தகப்பனார் சாமுவேல் 1637-இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர். இதுவரை வெறும் பெயர்கள்தான். லிங்கன் பார்த்ததும் இதைத்தான். வர்ஜீனியாவுக்குப் போன ஜான் இந்த ஜான்தானா?

1748-இல் ஒரு கிரயப் பத்திரம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுன்டியில் வசிக்கும் நெசவாளர் ஜான் லிங்கன், இறந்துபோன மொர்தெகாயின் மூத்த மகன், நியூ ஜெர்சியில் உள்ள 300 ஏக்கரை விற்கிறார். ஊர், தொழில், தகப்பன் பெயர், ஏக்கர் நான்கும் ஒரே தாளில். உயிலும் கிரயமும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தின. அந்த ஜான் பிறகு பென்சில்வேனியாவில் வாங்கி விற்ற நிலங்களைப் பின்தொடர்ந்தால் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக்கரையில் வந்து நிற்கலாம்.

வர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் எவ்வளவு தேடினாலும் இந்தத் தாள் அகப்படாது. விற்ற நிலம் நியூ ஜெர்சியில் இருந்தது, விற்றபோது ஜான் அங்கே குடியிருக்கவில்லை. ஆகவே ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போன ஆண்டோடு அந்த ஊர் அட்டவணையை மூடிவிடாதீர்கள். விற்றவர் அட்டவணையில் இன்னும் ஓர் இருபது ஆண்டு தள்ளியும் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.