ஒரு வியாழக்கிழமை, டிக்கெட் இல்லாத தில்லி

வணக்கம் மக்களே. காலை மணி ஏழு பத்து. ஜோர் பாக் மெட்ரோவில் இறங்கி லோதி தோட்டத்துக்குள் வந்துவிட்டேன். பிப்ரவரிக் குளிர், பேசினால் வாயிலிருந்து ஆவி போகிறது பாருங்கள். கையில் போன் மட்டும்தான். தொல்லியல் துறைக் கட்டடங்களில் கேமராவுக்கு முக்காலி வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதனால் படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று லீவு போட்டிருக்கிறேன். போகப்போகிற எந்த இடத்திலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. காசு மிச்சம் பிடிக்கிற யோசனை என்று நினைக்க வேண்டாம். தில்லிக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரே நாளில் செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை என்று ஓடுவோம். டிக்கெட் எடுத்தாயிற்று, கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பதற்றம். வீட்டுக்கு வந்தால் கால் வலிதான் ஞாபகம் இருக்கும். காசு கேட்காத இடத்தில் அந்தப் பதற்றம் வருவதில்லை. ஒரே ஒரு தூணை அரை மணி நேரம் பார்க்கலாம். பாதியில் கிளம்பிப் போய் அடுத்த வாரம் வரலாம். இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அப்படித்தான்.

சரி, இதோ முகமது ஷா கல்லறை. தில்லியை ஆண்ட சையது வம்சத்து சுல்தான் இவர், கல்லறை 1440களில் கட்டியது. எட்டுப் பக்கம் எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் தாழ்வாரம், மேலே பெரிய குவிமாடம், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி மண்டபங்கள். அவற்றை இங்கே சத்ரி என்பார்கள், குடை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அரசருக்கு எண்கோணக் கல்லறை, பிரபுக்களுக்குச் சதுரக் கல்லறை என்று ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். இந்தத் தோட்டத்தில் இரண்டு வகையையும் நடந்தே பார்த்துவிடலாம்.

இப்போது சதுரம். இது ஷீஷ் கும்பத். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி போலத் தெரிகிறது இல்லையா? உள்ளே வாருங்கள். மாடியே இல்லை, தரையிலிருந்து குவிமாடம் வரை ஒரே உயரம். நான் நாலாவது முறை வந்தபோதுதான் இதைக் கவனித்தேன். மேலே விளிம்பில் நீலமாகத் தெரிவது பழைய மெருகு ஓடுகள். ஒரு காலத்தில் இன்னும் நிறைய இருந்தன, கண்ணாடி போல மின்னின. ஷீஷ் என்ற பெயரே அதனால்தான். உள்ளே கல்லறைகள் இருக்கின்றன, ஆனால் யாருடையவை என்று உறுதியாகத் தெரியாது. எதிரே இருக்கும் படா கும்பத் அதைவிட விசித்திரம். அவ்வளவு பெரிய கட்டடம், உள்ளே கல்லறையே இல்லை. அதை ஒட்டிய மசூதியைக் கட்டியது 1494-இல். சுண்ணச் சாந்தில் எழுத்துகளையும் கொடிகளையும் எப்படி இழைத்திருக்கிறார்கள் பாருங்கள், இருங்கள், இன்னும் பக்கத்தில் போகிறேன். வெயில் சாய்வாக விழும் இந்த நேரத்தில்தான் இது முழுசாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் வந்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

போன வருடம் அம்மாவை இங்கே கூட்டிவந்தேன். அம்மா கும்பகோணம். "சமாதிக்கெல்லாம் என்னை ஏன்டி கூட்டிட்டு வந்தே" என்று முதலில் தயங்கினார். புல்வெளியில் யோகா செய்கிறவர்கள், ஓடுகிறவர்கள், மரத்தடியில் பூரி டப்பாவைத் திறந்து வைத்திருக்கும் குடும்பங்கள், சுவரோரம் தூங்கும் நாய்கள், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தவர், கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம ஊர் கோயில் பிரகாரம் மாதிரி இருக்குடி, சாயந்திரம் காத்து வாங்கப் போவோமே" என்றார். இந்தத் தோட்டத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1936-க்கு முன்பு இது தோட்டம் இல்லை. கைர்பூர் என்ற கிராமம், இந்தக் கல்லறைகளைச் சுற்றி வீடுகள். அந்த மக்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, அன்றைய வைஸ்ராய் வில்லிங்டனின் மனைவி பெயரில் பூங்கா போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் லோதி தோட்டம் என்று பெயர் மாறியது. இந்தப் புல்லில் உட்காரும்போது அந்த வீடுகள் எனக்கு ஞாபகம் வரும்.

அந்தக் கோடியில் இருப்பது சிக்கந்தர் லோதி கல்லறை, 1517. அதுவும் எண்கோணம், ஆனால் சுற்றிக் கோட்டை போல மதில். தாண்டினால் அட்புலா, அக்பர் காலத்துப் பாலம். யமுனைக்குப் போகும் ஓர் ஓடை அதன் கீழ் ஓடியது. ஓடை போய்விட்டது, இப்போது வாத்துக் குளம்.

இப்போது மணி பத்தரை. ஒரு ஸ்டேஷன் தள்ளி லோக் கல்யாண் மார்கில் இறங்கி காந்தி ஸ்மிருதிக்கு வந்திருக்கிறேன். பழைய பிர்லா மாளிகை. திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள், மூடியிருக்கும். காந்தி தம் கடைசி 144 நாட்களை இங்கேதான் கழித்தார். அறையில் மெத்தை, கைத்தடி, கண்ணாடி. அங்கிருந்து பிரார்த்தனைத் திடல் வரை அவர் கடைசியாக நடந்த வழியில் பாதத் தடங்களைப் பதித்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30, மாலை 5.17. இந்த இடத்தில் நான் பேசப்போவதில்லை. தடங்களை மட்டும் காட்டுகிறேன்.

பகல் ஒரு மணி. அதே மஞ்சள் லைன், படேல் சௌக். பங்களா சாகிப் குருத்வாரா. பெயரில் இருக்கும் பங்களா நிஜ பங்களாதான், ராஜா ஜெய்சிங்குடையது. சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர்கிருஷன் 1664-இல் இங்கே தங்கியிருந்தார். தில்லியில் கொள்ளைநோய் பரவியிருந்த நேரம், நோயாளிகளுக்கு இங்கிருந்த கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துக் கவனித்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதே வருடம் பெரியம்மை கண்டு இறந்தார். எட்டு வயதுகூட நிறையவில்லை. குளக்கரையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும்.

தலையை மூட வேண்டும், துணி இல்லாவிட்டால் வாசலிலேயே இருக்கிறது. லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் கூடத்தில், வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும், அதுதான் மரியாதை. பருப்பு, காய், ரொட்டி, சில நாள் கீர். யார், என்ன, எந்த ஊர், ஒரு கேள்வி கிடையாது. சாப்பிட்ட பிறகு கிளம்பிவிடாதீர்கள், சமையற்கூடத்துக்குப் போங்கள். யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம். போன வருடம் அம்மா அங்கிருந்த பெண்களோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ரொட்டி தேய்த்தார். அம்மாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ரொட்டி வட்டமாக வரவில்லை என்று பக்கத்திலிருந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்துத் திருத்தினார். ஊருக்குப் போன பிறகும் அம்மா தில்லியைப் பற்றிச் சொல்வது அந்தக் கை பற்றித்தான்.

நேரம் இருந்தால் மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்குப் போங்கள். குதுப் மினாருக்குப் பக்கத்துச் சுவர்தான், அங்கே டிக்கெட் வரிசை, இங்கே ஆளே இருக்காது. 1506-இல் கட்டிய ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு அங்கே இருக்கிறது. ராஜோன் என்றால் கொத்தனார்கள். அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன், ஐந்து நிமிடத்தில் அடக்க எனக்கு மனம் வராது. கச்சேரி விரும்புகிறவர்கள் லோதி தோட்டத்தை ஒட்டிய இந்தியா இன்டர்நேஷனல் சென்டரின் மாத நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். கண்காட்சி, உரை, கச்சேரி என்று பலவற்றுக்கு அனுமதி இலவசம். முன்னதாகப் போனால் முன் வரிசையே கிடைக்கும்.

சரி, மாலை ஆகிவிட்டது. ஆட்டோவில் நிஜாமுதீன் பஸ்தி வந்து, சந்துக்குள் நடக்கிறேன். ரோஜா இதழ், அத்தர், கபாப் புகை, எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறுகிறது. பூக் கடைக்காரர்கள் செருப்பை இங்கே விடு, பூ வாங்கு என்று அழைப்பார்கள். விருப்பம் இருந்தால் வாங்கலாம், கட்டாயம் இல்லை.

இது சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் தர்கா. அவர் 1325-இல் மறைந்தார். அவருடைய சீடர், கவிஞர் அமீர் குஸ்ரோவும் அதே வருடம் மறைந்தார். குருவின் மறைவைக் கேள்விப்பட்டு, அந்தத் துக்கத்திலேயே போனார் என்பார்கள். இருவர் சமாதியும் இந்த ஒரே வளாகத்தில்தான். சன்னதிக்குள் பெண்கள் போவதில்லை, நாங்கள் வெளியே சலவைக்கல் ஜாலி, அதாவது கல் பலகணி, ஓரம்தான். இங்கே ஒன்றைக் காட்ட வேண்டும். இந்தச் சின்னத் தடுப்புக்குள் இருப்பது ஷாஜகானின் மகள் ஜஹானாராவின் சமாதி. தாஜ்மகால் கட்டியவரின் மகள். மேலே கூரை இல்லை பாருங்கள், வானம்தான். நடுவில் மண், அதில் புல். என் சமாதியைப் பசும்புல்லைத் தவிர வேறெதுவும் மூட வேண்டாம் என்று கல்லில் எழுதியிருக்கிறது. நான் எப்போது வந்தாலும் முதலில் இந்தப் புல்லைத்தான் பார்ப்பேன்.

வியாழக்கிழமை கவ்வாலிக்கு, அதாவது சூஃபி பக்திப் பாட்டுக்கு, முற்றம் நிறைந்துவிட்டது. ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கிறார்கள். பாடுகிறவர்களுக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், இது அவர்கள் தொழில். குஸ்ரோ எழுதியதாகச் சொல்லப்படும் வரிகளை 700 வருடம் கழித்து அவர் சமாதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடப்போகிறார்கள். எனக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், போனைத் தூக்கினால் அவர்களுக்கு மறைக்கும். ஒரு பாட்டி நகர்ந்து இடம் கொடுத்து, பாயைத் தட்டிக் கூப்பிடுகிறார். வருகிறேன் பாட்டி. மக்களே, வைக்கிறேன்.