நோகாத செங்கண்மாரி

நேயர்களுக்கு வணக்கம்.

சூடடிப்பு முடிந்த கையோடு, இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற ஐயா ஒருவர் மனைவியோடு என்னிடம் வந்தார். கண் மஞ்சள். கைகளெல்லாம் சொறிந்த கோடுகள். வயிற்றில் நோவு துளியும் இல்லை. சாரம் இடுப்பில் நிற்கவில்லை என்றார். வயல் வேலையால் இளைத்திருக்கிறார் என்று வீட்டில் எண்ணியிருந்தார்கள். மூன்று கிழமையாகக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்திருக்கிறார்.

"மலம் என்ன நிறம்?" என்று கேட்டேன். இருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"வெளிறிப்போய், குளத்துக் களி மாதிரி" என்றார். சிறுநீரோ வெறுந்தேநீர் நிறமாம்.

மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தம். அது குடலுக்கு வரவில்லையென்றால் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. கல்லாகவும் இருக்கலாம், ஆனால் கல் பெரும்பாலும் நோகும். பள்ளிக்கூடத்தில் சதையி என்று படித்தோமே, அந்தக் கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டித்தான் பித்தக்குழாய் குடலுக்கு இறங்குகிறது. கணையப் புற்றில் பெரும்பங்கு தோன்றுவதும் அங்கேதான். வால்ப்பகுதியில் வந்தால் பெரும்பாலும் கண் மஞ்சளாவதில்லை. முதுகுக்குப் பாயும் வலி, காரணமில்லாத மெலிவு, அவ்வளவுதான். 60 வயதைக் கடந்தவருக்கு உடம்பு மெலிய மெலியப் புதிதாகச் சலரோகம் வந்தால், குளிசை எழுதிக் கொடுப்பதோடு விட்டுவிடக் கூடாது.

ஐயா மடித்து வைத்திருந்த வயிற்று ஸ்கான் அறிக்கையில் 'கட்டி எதுவும் தென்படவில்லை' என்றிருந்தது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒளிந்து கிடக்கிறது. குடலில் வாயு இருந்தால் சாதாரண ஸ்கானுக்கு அது தெரியாது. தெரியாதது வேறு, இல்லாதது வேறு. எனவே சி.ரி. ஸ்கான். நாளத்தில் மருந்தேற்றி ஏறத்தாழ 40 விநாடியில் படம் எடுத்தால் கணையம் பளிச்சென்றும் கட்டி பெரும்பாலும் மங்கலாகவும் தெரியும். அடைப்பை நீக்கக் குழாய் வைப்பதென்றால், முடிந்தவரை இந்தப் படத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். குழாய் உள்ளே இருந்தால் படம் குழம்பும்.

கணையப் புற்றில் ஏறக்கூடிய சி.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனையைப் பலர் தாங்களாகவே செய்துகொண்டு வருகிறார்கள். கல் அடைத்தாலும் அது ஏறும். புற்று இருந்தும் சிலருக்கு ஏறாது. வாய்வழியே கருவி செலுத்தி, இரைப்பைக்குள்ளிருந்து ஸ்கான் பார்த்து, ஊசியால் சதைத்துணுக்கு எடுப்பதுதான் உறுதியான சான்று. அதற்கு வன்னியிலிருந்து பயணம் செய்ய வேண்டி வரலாம். கட்டி வெட்டக்கூடியதென்று படத்திலேயே தெளிவானால், ஊசி போடாமலே அறுவைக்குப் போவதும் உண்டு.

கண்டறியும்போது அப்படி வெட்டக்கூடிய நிலையில் இருப்பவர்கள் 100 பேரில் 15 முதல் 20 பேர்தான். ஐயாவும் அவர்களில் ஒருவர்: சி.ரி. படத்தில் தெரிந்த கட்டி இரத்தக் குழாய்களைத் தொடவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சிறுபோக விதைப்புக்கு முதல் வெட்டி முடித்துவிடலாமா, டொக்டர்?"