செதுக்குவது சூழலா, உயிரா? – ‘உயிரே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உயிரைச் சூழல் செதுக்குகிறதா, உயிரே தன் சூழலைச் செதுக்குகிறதா என்பது இன்றைய வழக்கு. உயிரே என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், சூழலே செதுக்குகிறது என்று சொல்லப் பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுக் குருவிகளைச் சாட்சிக்கு அழைத்தார். 1977இல் அங்குள்ள டாப்னி மேஜர் தீவில் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோயின. கடினமான விதையை உடைக்கவல்ல தடித்த அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகும் பருத்தது. உயிரியலாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அளந்து கண்ட உண்மை இது. நாங்கள் மறுக்கவில்லை. குருவியால் மழையைப் பெய்விக்க முடியாதுதான். ஆனால் அந்த ஒரு தீவைக் காட்டி, உயிர் என்றாலே வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வதுதான் என்று முடித்தாரே, அதை ஏற்க முடியாது.

நடுவர் அவர்களே, நம் வரப்போரத்தில் நிற்கும் கரையான் புற்றைப் பாருங்கள். கரையானின் தோல் மிக மெல்லியது. வெயிலில் விட்டால் உலர்ந்து செத்துவிடும். மரத்தில் ஏறும்போதுகூட மண்கூரை வேய்ந்துகொண்டேதான் ஏறும். இப்படிப்பட்ட பூச்சி நம் கோடையில் எப்படி வாழ்கிறது?

தென்னிந்தியாவில் பரவலாகப் புற்றெழுப்பும் ஒடோன்டோடெர்மெஸ் ஒபேசஸ் என்ற கரையான் இனம் மண்ணுக்குள் விவசாயம் செய்கிறது. வேலைக்காரக் கரையான்கள் சருகையும் செத்த மரத்தையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைத் தேனடைபோல அடுக்கும். டெர்மிடோமைசெஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் அந்தக் கழிவோடு கலந்தே வரும். பூஞ்சை வளர்ந்து, மரத்துக்கு உறுதி தரும், செரிக்கக் கடினமான லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும். கரையான்கள் மேலே புதுக் கழிவைப் பூசிக்கொண்டே, பதமான பழைய அடையைக் கீழிருந்து தின்னும். மழை விழுந்ததும் நாம் பறிக்கும் புற்றுக்காளான் இந்தத் தோட்டத்தில் விளைந்ததுதான்.

இந்தத் தோட்டத்துக்கு ஈரமும் சீரான சூடும் வேண்டும். மூச்சுவிடும் பூச்சிகளும் பூஞ்சையும் உமிழும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறவும் வேண்டும். பெங்களூரில் இந்தப் புற்றுகளை அளந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு அதன் வழியைக் காட்டியது. பகலில் புற்றின் வெளிவிளிம்புகள் சீக்கிரம் சூடேற, அங்கே காற்று மேலெழுந்து நடுவில் கீழிறங்குகிறது. இரவில் விளிம்பு குளிர, ஓட்டம் திசை மாறுகிறது. பகல் முழுக்கச் சேர்ந்து கிட்டத்தட்ட 6 சதவீதத்தைத் தொடும் கார்பன் டை ஆக்சைடு, இரவில் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. நுண்துளைச் சுவர் வழியே வாயு கசிந்து வெளியேறுகிறது. பெரிய வாசல் ஏதும் தேவைப்படவில்லை.

பராமரிப்பு நின்றால்? அடையிலிருந்து கரையான்களை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். சில நாளிலேயே சூடோசைலேரியா என்ற களைப்பூஞ்சை அடையை மூடிவிடுகிறது.

இனி என் வழக்கின் உயிர்நாடி. மரபணு ஒப்பீடுகளின்படி, இந்த விவசாயம் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்க மழைக்காட்டில் தொடங்கியது. அங்கிருந்து வறண்ட புல்வெளிக்கும் ஆசியாவுக்கும் பரவியது. சூழல்தான் செதுக்குகிறது என்றால் வறண்ட நிலத்துக் கரையானுக்குத் தோல் தடித்திருக்க வேண்டாமா? தடிக்கவில்லையே! மழைக்காட்டின் ஈரத்தையும் சூட்டையும் புற்றுக்குள் கட்டிக்கொண்டே கரையான் வறண்ட நிலத்துக்கு நடந்திருக்கிறது. அந்தப் புற்றுக்குள் பிறக்கும் பிள்ளை மரபணுவோடு சேர்த்துப் புற்றையும் பூஞ்சையையும் உரிமையாகப் பெறுகிறது.

“புற்று கட்டும் குணமும் மரபணுவில்தானே, அதைத் தேர்ந்தது சூழல்தானே?” என்று எதிரணி கேட்கும். எந்தச் சூழல், ஐயா? அந்தப் பூஞ்சை இயற்கையில் கரையானின்றித் தனித்து வாழ்வதை யாரும் கண்டதில்லை. அதைப் பொறுத்தவரை கரையான் கட்டிய அறைதான் உலகம். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்த நாகத்தின் வீட்டையும் கட்டியது ஓர் உயிர்தான்.

மனிதருக்கும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவில் பெருவள்ளிக் கிழங்கு பயிரிடக் காட்டை வெட்டினார்கள். வெயில் படும் குட்டைகள் பெருகின. அத்தகைய நீரில் முட்டையிடும் அனாபிலஸ் காம்பியே கொசு பெருகியது, மலேரியா பெருகியது. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற அமினோ அமிலம் அமரும் அரிவாளணு மரபணுவும் அங்கே பரவியது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் சிவப்பணு வளைந்து இரத்தக் குழாயை அடைக்கும். மானிடவியலாளர் பிராங்க் லிவிங்ஸ்டன் இந்தத் தொடர்பை 1958இல் எடுத்துக்காட்டினார். காட்டில் விழுந்த வெட்டு, பேரப்பிள்ளைகளின் இரத்தம்வரை போயிருக்கிறது. இதில் கொசு மட்டும்தான் குற்றவாளியா?

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் குருவியை விட்டுவிட்டு, கரையானின் தோல் ஏன் தடிக்கவில்லை என்பதற்குப் பதில் சொல்லட்டும். அதைக் கேட்டபின் தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.