விக்ரம் படத்தில் குடும்பம்: ரசிகர்கள் கொண்டாடியதும் கோபப்பட்டதும்

வணக்கம். 2022 ஜூன் 3 அன்று வெளிவந்த, கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' படத்தைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. சூர்யா நடித்த வில்லன் ரோலெக்ஸ் பற்றியும், இயக்குநர் லோகேஷ் கனகராஜின் பட உலகம் பற்றியும், அனிருத்தின் பின்னணி இசை பற்றியும் நிறைய பேர் பேசிவிட்டார்கள். ஆனால் ரசிகர்கள் இன்றைக்கும் ஒத்துப்போகாத ஒரு விஷயம் இருக்கிறது. இவ்வளவு துப்பாக்கிச் சத்தம் உள்ள ஒரு உளவாளிப் படத்துக்குள் குடும்பத்தைக் கொண்டுவந்த விதம் சரிதானா? அதுதான் படத்தின் உயிர் என்கிறது ஒரு கூட்டம். குடும்பத்துப் பெண்களைச் சாகடித்து ஆண்களுக்குக் கோபம் வரவைத்த பழைய கதைதான் இது என்கிறது இன்னொரு கூட்டம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விக்ரமின் பேரனை வைத்து எழுதிய இடமெல்லாம் அழகாகப் பலித்திருக்கிறது. அமர் என்ற அதிகாரியின் மனைவியை வைத்து எழுதிய இடம்தான் சறுக்கிவிட்டது. கதை முழுவதையும் பேசப் போகிறேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

(திரையில்: 1986 விக்ரம் படத்தின் சுவரொட்டி)

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். கமல்ஹாசன் 1986இலேயே விக்ரம் என்ற உளவாளியாக நடித்துவிட்டார். ராஜசேகர் இயக்கம், சுஜாதா எழுத்து. அந்தப் படத்தில் விக்ரமின் மனைவியாக வரும் அம்பிகா ஆரம்பத்திலேயே கொல்லப்படுவார். அந்த இழப்புதான் விக்ரமை மறுபடி வேலைக்குள் இழுத்துவரும். ஆனால் அதற்கப்புறம் திருடுபோன ஏவுகணை, சலாமியா நாடு என்று கதை வேறு திசையில் ஓடிவிடும். குடும்பம் என்பது வண்டியைக் கிளப்பும் சாவி மட்டும்தான்.

2022 படமும் இழப்பில்தான் தொடங்குகிறது. காளிதாஸ் ஜெயராம் நடித்த பிரபஞ்சன் என்ற போலீஸ் அதிகாரியை, விக்ரமின் மகனை, முகமூடி ஆட்கள் கொன்றதாகக் காட்டுகிறார்கள். ஆனால் இங்கே பிரபஞ்சனின் குழந்தை, விக்ரமின் பேரன், மிச்சம் இருக்கிறது. பழிவாங்கி முடித்துவிட்டால் தீர்ந்துபோகும் கதையாக இல்லாமல், ஒவ்வொரு நிமிடமும் காப்பாற்ற வேண்டிய ஒரு உயிர் திரையில் இருக்கிறது.

சரி, முதல் பாதிக்கு வருவோம். வெளியான சமயத்தில் பல ரசிகர்களுக்கு இருந்த குறை, இடைவேளை வரை கமலைப் போதுமான அளவு பார்க்க முடியவில்லை என்பது. உண்மைதான், அதுவரை படத்தைத் தூக்கிச் சுமப்பது, இந்த முகமூடிக் கொலைகளை விசாரிக்கும் ரகசிய அதிகாரியாக வரும் ஃபகத் ஃபாசிலின் அமர் பாத்திரம். கர்ணன் என்ற பெயரில் வாழ்ந்த விக்ரம் எப்படிப்பட்டவர் என்று அமர் பலரிடம் விசாரிக்கிறார். குடிகாரர் என்கிறார்கள், ஒழுக்கம் இல்லாதவர் என்கிறார்கள். எல்லோர் பேச்சிலும் மாறாமல் வருவது ஒன்றுதான்: பேரன் மேல் அந்த மனிதருக்கு உயிர். மற்றதெல்லாம் வேஷம் என்று இடைவேளையில் தெரியும்போது, பாசம் மட்டும் வேஷம் இல்லை என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. கமலை அதிகம் கண்ணில் காட்டாமலே அவர் மேல் நமக்குப் பிரியம் வரவைத்த இந்தக் காத்திருப்பு, என்னைக் கேட்டால், படத்தின் மிகச் சிறந்த எழுத்து வேலை.

இன்னொன்று, அந்தக் குழந்தைக்கு உடல்நலப் பிரச்சினை. பெரிய சத்தம் கேட்டாலே உயிருக்கு ஆபத்து. ஒரு ஆக்‌ஷன் படத்துக்குள் இதை வைத்த துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். சண்டை என்றால் சத்தம், சத்தம் என்றால் விசில் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இங்கே ஒவ்வொரு குண்டு வெடிக்கும்போதும் வயிற்றைப் பிசைகிறது. கடைசிச் சண்டையில் குழந்தையின் மூச்சு நின்றுபோய், விக்ரம் அதன் பிஞ்சு நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கப் போராடும் இடம் இருக்கிறதே, ஹீரோ எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற கணக்கே அங்கே மறந்துபோகும். அன்பறிவின் சண்டை அமைப்பு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், அந்தச் சண்டைகளுக்குக் கனம் கொடுத்தது இந்தப் பயம்தான்.

(திரையில்: ஏஜென்ட் டீனா)

அப்புறம் டீனா. இந்தப் பெயரைச் சொன்னாலே போதும், படம் பார்த்தவர்கள் முகம் மலரும். வீட்டு வேலை செய்யும் பெண்ணாக அதுவரை நாம் சரியாகக் கவனிக்காமலே விட்ட ஒருவர், உண்மையில் விக்ரமின் ரகசியக் குழுவைச் சேர்ந்தவர், சமையலறைச் சாமான்களோடு ரவுடிக் கூட்டத்தை எதிர்கொள்கிறார். நடித்த வசந்தி, பல வருடங்கள் திரைப்பட நடனக் குழுக்களில் வேலை பார்த்தவர். அந்த உடல்மொழியின் வேகம் எங்கிருந்து வந்தது என்று அதில் தெரிகிறது. குடும்பம் என்பது ரத்த உறவு மட்டும் இல்லை என்பதை ஒரு வரி வசனம்கூட இல்லாமல் அந்தக் காட்சி காட்டிவிட்டது. அந்தச் சண்டையிலேயே டீனா உயிரை விடுகிறார். தியேட்டரில் பெரிய நட்சத்திரங்களுக்கு விழுந்த கைதட்டலுக்குக் கொஞ்சமும் குறையாமல் டீனாவுக்கும் விழுந்தது.

ஆனால் காயத்ரி விஷயத்தில் கோபப்பட்ட ரசிகர்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன். அமரின் மனைவியாக வரும் அந்தப் பெண்ணுக்குக் கணவர் என்ன வேலை செய்கிறார் என்றே தெரியாது. உளவாளிக் கதையில் இதைவிட நல்ல குடும்பச் சிக்கல் கிடைக்குமா? உண்மை தெரிந்தால் அந்தப் பெண் என்ன கேட்டிருப்பார், அமர் என்ன பதில் சொல்லியிருப்பார்? அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. வில்லன் சந்தனம் எவ்வளவு கொடூரமானவர் என்று காட்டவும், அமரை விக்ரமின் பக்கம் தள்ளவும் அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டார்கள். 1986இல் அம்பிகாவுக்கு நடந்ததேதான் 36 வருடம் கழித்து இந்தப் பெண்ணுக்கும் நடந்திருக்கிறது. ஃபகத் அந்தத் துக்கத்தை அற்புதமாக நடித்திருக்கிறார், ஆனால் நடிப்பு எழுத்தின் குறையை மூடிவிடாது. விக்ரமின் மருமகளுக்கும் இதே நிலைமைதான். குழந்தையைப் பெற்ற தாய், ஆனால் குழந்தையைப் பற்றிய பதற்றம் முழுவதும் தாத்தாவின் கணக்கில்தான் போகிறது.

விஜய் சேதுபதியின் சந்தனத்துக்கும் பெரிய குடும்பம் உண்டு. வீடு நிறைய ஆட்கள், மூன்று மனைவிகள். அவர்களைக் கூட்டமாகக் காட்டியதோடு சரி, அந்த வீட்டுக்குள் யாரையும் நாம் தெரிந்துகொள்ளவில்லை.

லோகேஷுக்குக் குடும்பத்தை எழுத வராது என்று சொல்லிவிட முடியாது. 2019இல் வந்த 'கைதி'யில் நாயகன் டில்லி பத்து வருடச் சிறைக்குப் பிறகு, முகம்கூடப் பார்க்காத மகளைப் பார்க்கப் போகிற வழியில்தான் மொத்தக் கதையும் நடக்கும். ஒரு குழந்தையைக் காக்கத் துடிக்கும் ஆணை அவர் மனசார எழுதுகிறார். கணவன் மனைவி எதிரெதிரே உட்கார்ந்து உண்மை பேசும் ஒரு காட்சியை, அதே அக்கறையோடு அவர் எழுதிப் பார்க்க எனக்கு ஆசை. காயத்ரிக்கும் அமருக்கும் படத்தில் அதற்கு இடம் இருந்தது, பத்து நிமிடம் போதும்.