பிடிச்சிருக்கு என்று சொல்லி முடிப்பதற்குள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி படிக்கும் ஒரு பெண். பெயர் டோமோ. சின்ன வயதிலிருந்தே கூட்டாளியான ஜுன் மேல் அவளுக்கு ஆசை. நெடுநாள் மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை ஒருநாள் தைரியமாகச் சொல்லியே விடுகிறாள்: "உன்னைப் பிடிச்சிருக்கு." அவன் முகம் மலரச் சொல்கிறான்: "எனக்கும்தான்! நாம ஃபிரெண்ட்ஸ் ஆச்சே!"

கதை தொடங்குவதே இங்கேதான். ஃபுமிதா யனகிடா வரைந்த 'டோமோ-சான் வா ஒன்னனோகோ' என்ற மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. 'டோமோ ஒரு பொண்ணுதான்' என்று தலைப்பைச் சொல்லலாம். 2015 முதல் 2019 வரை ட்விட்டரில் நாளுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் வந்தது. ஒரு பக்கத்துக்கு நான்கே கட்டங்கள். மொத்தமும் 8 தொகுதிகளில் முடிந்துவிட்டது. டோமோவின் அப்பா கராத்தே சொல்லிக்கொடுப்பவர், டோமோவும் கைதேர்ந்தவள். நடுநிலைப் பள்ளிக்குப் போகும்வரை ஜுன் அவளைப் பையன் என்றே நினைத்திருந்தான். அப்படிப்பட்டவனிடம்தான் அவள் போய்ச் சொல்கிறாள்.

அவன் ஏன் தப்பாகப் புரிந்துகொண்டான்? முட்டாள் என்பதாலா? இல்லை. ஜப்பானியர் இந்த இடத்தில் சொல்வது 'ஸுகி' என்ற ஒரே சொல். சூடான ராமென் நூடுல்ஸ் பிடிக்கும் என்றாலும் ஸுகி, பூனைக்குட்டி பிடிக்கும் என்றாலும் ஸுகி, உயிரையே வைத்திருக்கிறேன் என்றாலும் ஸுகி. யார், யாரை என்பதையும் அந்த மொழியில் சொல்லாமலே விட்டுவிடலாம். ஆகவே அந்தச் சொல் காதலாகவும் போய்ச் சேரலாம், நட்பாகவும் போய்ச் சேரலாம்.

நான் இந்தக் கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறேன். அதில் இந்த இடம் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும். மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தால் சட்டென்று பொருந்திவிடும். 'பிடிச்சிருக்கு' என்ற நம்முடைய சொல்லும் அதே மாதிரிதானே? காபி பிடிச்சிருக்கு, சட்டை பிடிச்சிருக்கு, பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணையும் பிடிச்சிருக்கு. அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு ஆசை இருக்கிறது என்பது சொல்பவருக்குத்தான் தெரியும். இந்தச் சின்ன இடைவெளியில்தான் பள்ளிக்கூடக் காதல் மாங்காவின் சிரிப்பு முழுக்க இருக்கிறது என்பது என் எண்ணம். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. நாக்கு தடுமாறுகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சொல் வாயிலேயே வராமல் போனால்? இசுமி சுபாகி 2011 முதல் வரைந்துவரும் 'நோசாகி-குன்' கதையில் அதுதான் நடக்கிறது. சகுரா சியோ என்ற மாணவி நோசாகியிடம் மனசைத் திறக்கப் போகிறாள். பதற்றத்தில் "நான் உங்க ரசிகை" என்று வந்துவிடுகிறது. அவன் ரகசியமாகச் சிறுமிகளுக்கான காதல் மாங்கா வரைபவன். ஓஹோ, ரசிகையா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான்! அப்புறம் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். அவள் என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனால், கையில் தூரிகையைக் கொடுத்து, படத்தில் கறுப்பு அடிக்க வேண்டிய இடங்களை நிரப்பச் சொல்கிறான். நான் நெகிழ்ந்துபோவது இங்கேதான். அவள் உட்கார்ந்து அடிக்கிறாள், அதுவும் அழகாக அடிக்கிறாள். காதல் கதைகளில் காதலன் சைக்கிளில் காதலியைப் பின்னால் வைத்துக்கொண்டு போவான் இல்லையா? ஜப்பானில் சாதாரண சைக்கிளில் இரண்டு பேர் போவது சட்டப்படி தப்பு. அதற்காக நோசாகி இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளைக் கொண்டுவருகிறான். பின்னால் உட்கார்ந்து சியோவும் மிதிக்க வேண்டியதுதான்.

இந்த நான்கு கட்ட வடிவத்துக்கு 'யோன்கோமா' என்று பெயர். ஜப்பானியச் செய்தித்தாள்களில் நெடுங்காலமாக இருந்துவருவது. மேலிருந்து கீழே படிக்க வேண்டும். முதல் கட்டத்தில் தொடக்கம், இரண்டாவதில் தொடர்ச்சி, மூன்றாவதில் திருப்பம், நான்காவதில் முடிப்பு. சீனத்து நான்கடிக் கவிதையிலிருந்து வந்த முறை இது. பல கதைகளில் வெவ்வேறு முகங்களோடு வரும் ஒரு காட்சியை இப்படி நான்கு கட்டமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பள்ளி விட்ட நேரம், வெளியே மழை. வாசலில் செருப்பு அலமாரி பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள். இது முதல் கட்டம். அவள் மனசுக்குள் வைத்திருக்கும் பையன் வந்து, "குடை கொண்டுவரலையா? என்கிட்ட இருக்கு" என்கிறான். இது இரண்டாவது. மூன்றாவதில் பேச்சே கிடையாது. அவள் கை மட்டும் தெரிகிறது. தன் பைக்குள் இருக்கும் மடக்குக் குடையை அந்தக் கை இன்னும் ஆழத்தில் தள்ளுகிறது. நான்காவதில், தன் குடையை அவள் கையில் திணித்துவிட்டு அவன் மழையில் ஓடுகிறான்.

ஜப்பானில் குடைக்குத் தனி கனம் உண்டு. ஒரு குடை வரைந்து அதன் காம்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெயரும் அந்தப் பக்கம் ஒரு பெயரும் எழுதிவிட்டால், இவர்கள் ஜோடி என்று அர்த்தம். கரும்பலகையில் குறும்புப் பிள்ளைகள் எழுதி வைப்பது அது. அதனால் ஒரே குடையில் நடப்பது வகுப்பு முழுக்கப் பார்க்க நடப்பதற்குச் சமம். இவ்வளவும் அந்த மூன்றாவது கட்டத்துக் கையில் இருக்கிறது. ஒரு பத்தி எழுதி விளக்கினால் அது போய்விடும். குறுங்கதையாக இருப்பதன் பலம் இதுதான்.

பெயர் விஷயமும் அப்படித்தான். அங்கே வகுப்புத் தோழர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அது ஒரு படி தாண்டியதாகும். நாம் ஒருவரை 'நீங்க' என்று பேசிப் பேசி ஒருநாள் 'நீ' என்று வாய் தவறி வந்துவிட்டால் உள்ளே ஒரு துடிப்பு வருமே, அது. 'ஹோரிமியா' என்ற புகழ்பெற்ற மாங்காவின் தலைப்பே ஹோரி, மியாமுரா என்ற இரண்டு குடும்பப் பெயர்களைச் சேர்த்துத் தைத்ததுதான்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சொல்ல வந்த வார்த்தையைத் தொகுதி தொகுதியாக இழுக்கிற கதைகள் உண்டு. சொல்லப் போகும்போது மணி அடிக்கும், யாராவது கதவைத் திறப்பார்கள். மூன்றாவது தடவை மணி அடித்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். 8 தொகுதியில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த டோமோ மேல் எனக்கு மரியாதை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வாரம் அந்தக் குடைக் காட்சியை அம்மாவுக்குச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவர், மூன்றாவது கட்டத்தில் கையை நிறுத்தினார். கடைசிக் கட்டத்தைச் சொன்னதும், "அடப் பாவமே, நனைஞ்சுட்டுப் போனா அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராதா?" என்றார்.

"வரும்மா. அடுத்த அத்தியாயமே அதுதான். அவன் பள்ளிக்கூடத்துக்கு வரலை. அன்னிக்குக் கொடுத்த பாடத் தாள்களை வாங்கிக்கிட்டு, அவ அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறா. கையில அவன் குடை."

"பெல் அடிச்சாளா?" என்று கேட்டார் அம்மா.